பதினொன்று முதல் பதினான்கு வரை: வீட்டில் படிக்கும் பிள்ளைகளுக்குத் தமிழ் நூல்களைத் தேர்வது

ஐந்து வயதுக் குழந்தைக்குத் தமிழ்ப் புத்தகம் தேடுவது இன்று எளிது. வண்ணப்படங்களோடு, பெரிய எழுத்தில், பக்கத்துக்கு இரண்டே வரிகளோடு எத்தனையோ கதைப்புத்தகங்கள் கிடைக்கின்றன. பிரதம் புக்ஸ் நிறுவனம் 2015இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்க் கதைகளை இலவசமாகவே படிக்கலாம். வளர்ந்தவர்களுக்கோ, ஓர் ஆயுளில் படித்து முடிக்க இயலாத அளவுக்குத் தமிழில் எழுத்து இருக்கிறது. இடையில் நிற்கிற பதினொன்று முதல் பதினான்கு வயது வரையிலான பிள்ளைகளுக்குத்தான் தட்டுப்பாடு. அதே ஸ்டோரிவீவரில் கதைகளை நான்கு நிலைகளாகப் பிரித்திருக்கிறார்கள், நான்காம் நிலைக் கதையைக்கூட இந்த வயதுப் பிள்ளை ஒரே அமர்வில் முடித்துவிட்டு "அடுத்து என்னம்மா?" என்று வந்து நின்றுவிடும்.

கோயம்புத்தூரில் என் இரண்டு பிள்ளைகளையும் வீட்டிலேயே படிக்கவைக்கிறேன். மகனுக்குப் பதின்மூன்று வயது, மகளுக்குப் பதினொன்று. வீட்டுக்கல்வியில் இருக்கும் பெற்றோர் சந்தித்துக்கொள்ளும்போது, கணக்குக்கும் அறிவியலுக்கும் என்ன புத்தகம் வைத்திருக்கிறோம் என்பதைச் சுருக்கமாகப் பேசி முடித்துவிடுவோம். தமிழ் என்று வந்தவுடன் பேச்சு நீண்டுவிடும். அந்தப் பேச்சுகளில் நான் சொல்லிவருவதையே இங்கு விரிவாக எழுதுகிறேன். இந்த வயதில் மொழிப் பாடத்தின் நடுவில் இருக்கவேண்டியது முழு நூல். இலக்கணம், அகராதி, பாடநூல், பயிற்சி ஆகிய அனைத்தும் அந்த முழு நூலைப் படிக்கவும், படித்ததைப் பற்றிப் பிள்ளை தன் சொந்த வாக்கியத்தில் எழுதவும் உதவியாக நிற்க வேண்டியவை. எந்தப் புத்தகத்தைக் கையில் எடுத்தாலும் இந்த அளவுகோலை வைத்தே அது வேண்டுமா வேண்டாமா என்று முடிவு செய்கிறேன்.

ஆங்கிலத்துக்கு லாங்குவேஜ் ஆர்ட்ஸ் என்ற பெயரில் ஒரே தொகுப்பாக எல்லாம் கிடைத்துவிடுகிறது. வாசிப்பு, எழுத்துக்கூட்டல், சொல்வளம், இலக்கணம், கட்டுரை என்று பகுதி பகுதியாகப் பிரித்து, நாள்வாரியாகத் திட்டமிட்டு, ஆசிரியர் கையேட்டோடு அமெரிக்காவிலிருந்து வருகிற அத்தகைய தொகுப்புகளை நம் ஊர்க் குடும்பங்கள் பலவும் பயன்படுத்துகின்றன. அதைப் பார்த்துப் பழகியவர்கள் தமிழுக்கும் அதே பகுதிகளை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றுக்கும் ஒரு புத்தகம் தேடத் தொடங்குகிறார்கள். அது பொருந்தாது. ஆங்கிலத்தில் எழுத்துக்கூட்டலுக்கு ஆண்டுக்கணக்கில் உழைக்க வேண்டியிருக்கிறது. தமிழில் எழுத்துகளைக் கற்றுவிட்ட பிள்ளை எந்தச் சொல்லையும் வாசித்துவிடும். எழுதும்போது ல, ள, ழ வேறுபாட்டிலும் ர, ற வேறுபாட்டிலும் ந, ன, ண வேறுபாட்டிலும் மட்டுமே தடுமாறும். அந்த நேரம் தமிழில் வேறு இரண்டு வேலைகளுக்குப் போக வேண்டும். ஒன்று, வீட்டில் பேசுகிற தமிழிலிருந்து எழுதுகிற தமிழுக்குக் கடப்பது. மற்றொன்று, சொல்லும் சொல்லும் சேரும்போது நிகழும் புணர்ச்சி. இவ்விரண்டுக்கும் ஆங்கிலத் தொகுப்பில் இடமே கிடையாது, ஏனென்றால் அந்த மொழிக்கு அவை தேவைப்படவில்லை.

சட்டத்தைப் பற்றிக் கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயது வரையிலான பிள்ளைகளைப் பற்றிப் பேசுகிறது. வீட்டுக்கல்வியைப் பெயர்சொல்லி அனுமதிக்கவும் இல்லை, தடைசெய்யவும் இல்லை. ஆகவே எந்தப் புத்தகத்தைப் படிக்கவேண்டும் என்று யாரும் நமக்கு ஆணையிடுவதில்லை. அந்தச் சுதந்திரத்தோடு பொறுப்பும் நம்மிடமே வந்துசேர்கிறது.

முதலில் கைக்கு வருவது தமிழ்நாட்டு அரசின் பாடநூல்தான். 2018-19இல் ஆறாம் வகுப்புக்கும் அடுத்த கல்வியாண்டில் ஏழு, எட்டாம் வகுப்புகளுக்கும் வந்த தமிழ்ப் பாடநூல்கள் நல்ல உழைப்பில் உருவானவை. அவற்றை வாங்காமல் இருக்க வேண்டாம் என்றே எல்லோரிடமும் சொல்கிறேன். விலை குறைவு, இணையத்திலும் இலவசமாகக் கிடைக்கின்றன. ஒவ்வோர் இயலிலும் கவிதைப்பேழை, உரைநடை உலகம், விரிவானம், கற்கண்டு என்று பகுதிகள் வரும். செய்யுளுக்குச் சொற்பொருளும் பாடலின் பொருளும் தரப்பட்டிருக்கும். 'மொழியை ஆள்வோம்', 'மொழியோடு விளையாடு' என்ற தலைப்புகளில் வருகிற பயிற்சிகளில் சில உண்மையிலேயே பிள்ளைகளை யோசிக்கவைப்பவை. ஆறாம் வகுப்பின் முதல் பருவத்தில் இயற்கை என்ற பொருளில் அமைந்த இயலை மட்டும் எடுத்துப் பாருங்கள்: சிலப்பதிகாரத்தின் வாழ்த்து, பாரதியின் 'காணி நிலம்', பறவைகள் வலசை போவதைப் பற்றிய கட்டுரை, ஹெமிங்வேயின் கடற்கதை படக்கதையாக, பிறகு முதலெழுத்தும் சார்பெழுத்தும், முடிவில் திருக்குறள். ஒரே இயலுக்குள் இவ்வளவையும் வைக்க நல்ல கை வேண்டும்.

ஆனால் இந்த நூல்கள் எழுதப்பட்டது ஓர் ஆசிரியருக்கும், அவர் முன்னால் அமர்ந்திருக்கும் ஒரு வகுப்புக்கும். எல்லாவற்றிலும் ஒரு துண்டு கிடைக்கும், எதுவும் முழுதாகக் கிடைக்காது. நாற்பது நிமிட வகுப்புக்கு வேறு வழி இல்லை என்பதால் அதைக் குறையாகச் சொல்லமாட்டேன். வீட்டில் நமக்கு நாற்பது நிமிடக் கட்டாயம் எதுவும் இல்லை. அதனால் பாடநூலை வழிகாட்டியாக வைத்துக்கொள்கிறேன். அதில் ஒரு துண்டு பிள்ளைக்குப் பிடித்துப்போனால், அந்தத் துண்டு எங்கிருந்து வந்ததோ அந்த முழு நூலுக்குப் போய்விடுவோம். பாடநூல் பத்து நாள் மூடியே இருக்கும். பிறகு திரும்பி வருவோம். ஓர் ஆண்டில் எல்லா இயல்களையும் முடித்தாக வேண்டும் என்ற கணக்கு எங்கள் வீட்டில் கிடையாது.

இலக்கணத்தில் பாடநூலின் வரிசையை நான் பின்பற்றுவதில்லை. ஆறில் முதலெழுத்து, சார்பெழுத்து. ஏழில் குற்றியலுகரமும் குறுக்கங்களும். எட்டில் வினைமுற்று, எச்சம், வேற்றுமை எல்லாம் கடந்து ஏழாம் இயலில்தான் வல்லினம் மிகும் இடங்களும் மிகா இடங்களும் வருகின்றன. எழுத்து, சொல் என்று படிப்படியாகப் போகும் மரபான முறை அது. நன்னூலின் அடுக்கும் அப்படித்தான். ஆனால் பதினொரு வயதில் ஒரு பக்கம் எழுதுகிற பிள்ளைக்கு முதல் வரியிலேயே "படித்து காட்டினாள்" என்பதா, "படித்துக் காட்டினாள்" என்பதா என்ற கேள்வி வந்துவிடுகிறது. அந்தக் கேள்விக்கான விடையை இரண்டு ஆண்டுகளுக்கு ஒத்திவைக்க வேண்டிய தேவை வீட்டில் இல்லை.

இதை நாங்கள் எப்படிச் செய்கிறோம் என்று ஓர் எடுத்துக்காட்டோடு சொல்கிறேன். மகளின் குறிப்பேட்டிலிருந்தும் அவள் படித்துக்கொண்டிருந்த நூலிலிருந்தும் தொடர்களைப் பொறுக்கி ஒரு தாளில் எழுதினோம்: படித்துக் காட்டினாள், எடுத்துக் கொடுத்தான், கேட்டுப் பார்த்தாள், வந்து போனான், செய்து காட்டினாள், உண்டு களித்தார்கள். முதல் மூன்றில் ஒற்று மிகுகிறது, அடுத்த மூன்றில் மிகவில்லை. ஏன் என்று நான் சொல்லவில்லை. கடைசி 'து', 'டு' ஆகியவற்றுக்கு முன்னால் என்ன எழுத்து நிற்கிறது என்று மட்டும் பார்க்கச் சொன்னேன். முதல் வரிசையில் த், ட் என்ற வல்லின மெய்கள், மற்றதில் ந், ய், ண் என்பதை அவளே கண்டுபிடித்தாள். அதற்குப் பிறகுதான் ஏழாம் வகுப்புப் புத்தகத்தைத் திறந்தோம். வன்தொடர், மென்தொடர், இடைத்தொடர் என்று குற்றியலுகரத்துக்கு அங்கே தரப்பட்டிருந்த பெயர்கள் அவள் கண்டுபிடித்ததற்கான பெயர்களாகவே வந்து நின்றன. சற்று நேரத்தில், "அப்புறம் ஏம்மா மருந்துக் கடைன்னு போர்டுல 'க்' போட்டு எழுதியிருக்காங்க? 'ந்து'தானே வருது?" என்று கேட்டாள். மருந்து பெயர்ச்சொல், வந்து வினையெச்சம். வினையெச்சத்துக்குச் சொன்ன விதி பெயர்ச்சொல்லுக்கு அப்படியே பொருந்தாது என்ற இடத்துக்கு அந்தக் கேள்வியே எங்களைக் கொண்டுபோனது. சொல்லின் வகையை அறிவது எதற்கு என்பதற்கு அதைவிட நல்ல விளக்கம் எனக்குத் தெரியவில்லை. ஆகவே இந்த வயதுக்கு இலக்கண நூல் வாங்குவோர் ஒன்றைக் கவனியுங்கள்: விதியைச் சொல்லி, இரண்டு எடுத்துக்காட்டு தந்து, கோடிட்ட இடத்தை நிரப்பச் சொல்லும் நூலைவிட, நிறைய எடுத்துக்காட்டுகளைக் குவித்து வைத்திருக்கும் நூல் பயன் தரும். விதியைக் கண்டுபிடிக்கும் வேலையைப் பிள்ளைக்கு விட்டுவிடலாம்.

இனி முழு நூல்களுக்கு வருகிறேன். முதலில் நம்மைத் தயங்கவைப்பது நூலின் பருமன். என் மகனுக்கு நான் தேர்ந்தெடுத்தது உ.வே.சாமிநாதையரின் 'என் சரித்திரம்'. கேட்பவர்கள் முதலில் திகைக்கிறார்கள். பெரிய புத்தகம், பழைய நடை, பதின்மூன்று வயதுப் பையனுக்கு எப்படி என்கிறார்கள். அந்த நூல் 1940 முதல் ஆனந்த விகடனில் வாராவாரம் தொடராக வெளிவந்தது. வார இதழ் வாசகருக்காக எழுதப்பட்டதால் ஒவ்வோர் அத்தியாயமும் சில பக்கங்களுக்குள் முடிந்துவிடும். அதற்குள்ளும் உட்தலைப்புகள் உண்டு. ஒரு நாளைக்கு ஓர் அத்தியாயம் என்பது இந்த வயதுக்குச் சரியான அளவு. 1942இல் மறைந்தவர் என்பதால் காப்புரிமைக் காலமும் முடிந்து, நூல் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. முன்னோர் வரலாற்றைச் சொல்லும் தொடக்க அத்தியாயங்களைச் சுருக்கமாக நானே சொல்லிவிட்டு, திண்ணைப் பள்ளிக்கூடம் வரும் இடத்திலிருந்து அவன் கையில் கொடுத்தேன்.

1880இல் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராக இருந்த உ.வே.சா., அவ்வூருக்கு முன்சீபாக, அதாவது நீதிபதியாக, மாற்றலாகி வந்த சேலம் இராமசாமி முதலியாரைப் போய்ப் பார்க்கிறார். என்னென்ன படித்திருக்கிறீர்கள் என்று முதலியார் கேட்கிறார். அந்தாதி, பிள்ளைத்தமிழ், கோவை, புராணம் என்று இவர் அடுக்குகிறார். இதனால் என்ன பயன், இவற்றுக்கெல்லாம் மூலமான பழைய நூல்களைப் படித்ததுண்டா, சீவக சிந்தாமணி படித்ததுண்டா என்று கேட்கிறார் முதலியார். இந்த அத்தியாயத்தைப் படித்துவிட்டு மகன் என்னிடம் வந்து கேட்டான்: "அம்மா, அவரு இவ்வளவு படிச்சிருக்காரு. இவரு பாட்டுக்கு என்ன பிரயோசனம்னு கேட்டுட்டாரே, அவருக்குக் கோபமே வரலையா?" அன்று எழுத வேண்டிய கட்டுரைக்கு நான் தலைப்புத் தேட வேண்டியிருக்கவில்லை. அவன் அந்தக் கேள்விக்கு விடை தேடி மீண்டும் அந்த அத்தியாயத்தைப் படித்தான். கோபம் வந்ததா, அவமானமா, ஆவலா என்று நூலின் வரிகளைச் சான்றாகக் காட்டி இரண்டு பக்கம் எழுதினான். 1887இல் சீவக சிந்தாமணிப் பதிப்பு வெளிவரும் வரை அந்த ஏழாண்டுக் கதையை அவன் விடாமல் பின்தொடர்ந்தான். பாடநூலில் 'தமிழ்த் தாத்தா' என்ற பாடம் ஒன்றைப் படித்து, சிந்தாமணியைப் பதிப்பித்த ஆண்டு எது என்ற ஒரு மதிப்பெண் வினாவுக்கு விடை எழுதியிருந்தால் இந்தப் பின்தொடரல் நிகழ்ந்திருக்காது.

ஒரு பாடப்புத்தகத்தையோ பயிற்சி நூலையோ வாங்கும் முன் அதன் வினாக்களைப் பார்க்க வேண்டும் என்று நான் வலியுறுத்துவது இதனால்தான். கடையில் நின்றபடியே இதைச் செய்யலாம். நடுவில் ஏதேனும் ஒரு பாடத்தைத் திறந்து, பாடத்தைப் படிக்காமல் வினாக்களை மட்டும் படியுங்கள். கேள்வியிலுள்ள ஒரு சொல்லைப் பத்தியில் தேடிப்பிடித்து, அந்த வரியை அப்படியே எடுத்தெழுதினால் விடை வந்துவிடும் என்றால், அந்த நூல் பிள்ளையை வாசிக்கவைக்காது, தேடவைக்கும். விடையும் சேர்த்தே அச்சிட்டு வருகிற உரைநூல்களைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. தேர்வுக்கு முந்தைய மாதம் அவற்றுக்கு ஒரு பயன் இருக்கலாம், ஆண்டு முழுவதும் மேசையில் வைத்திருக்கக் கூடாது. இங்கிலாந்தில் சார்லட் மேசன் என்ற கல்வியாளர் நூறாண்டுகளுக்கு முன்பே, படித்ததைப் பிள்ளை தன் சொற்களில் திரும்பச் சொல்வதையே முதன்மையான பயிற்சியாக வைத்தார். வீட்டுக்கல்விக் குடும்பங்கள் பலவும் ஆங்கிலத்தில் அதைச் செய்கின்றன. தமிழில் அதைச் செய்யும்போது ஒரு கூடுதல் நன்மை கிடைக்கிறது. பிள்ளை வாய்விட்டுச் சொல்வது பேச்சுத்தமிழில் இருக்கும்; அதையே எழுதச் சொன்னால் எழுத்துத்தமிழுக்கு மாற்றியாக வேண்டும்.

அந்த மாற்றத்துக்கென்று தமிழில் நல்ல பயிற்சி நூல் எதுவும் என் கண்ணில் படவில்லை, ஆகவே அதை நாங்களே உருவாக்கிக்கொண்டோம். ஈரோட்டுப் பக்கம் இருக்கும் என் அம்மா, பிள்ளைகளுக்கு அமுச்சி, மஞ்சள் வேகவைத்த காலத்துக் கதைகளைச் சொல்வார். அதைப் பிள்ளைகள் செல்பேசியில் பதிவு செய்துகொள்கிறார்கள். முதலில் கேட்டதைக் கேட்டபடியே எழுத வேண்டும்: "அப்பெல்லாம் மஞ்ச வேக வெச்சா ஊரே மணக்கும் கண்ணு. கொப்பரையப் பத்த வெச்சா ராத்திரி பூராத் தூக்கங் கெடையாது." இதை எழுதுவதே கடினம், ஏனென்றால் கொங்குப் பேச்சை எழுத்தில் பிடிக்கக் காது கூர்மையாக இருக்க வேண்டும். அடுத்து அதே கதையை எழுத்துவழக்கில் எழுத வேண்டும். 'வெச்சா' என்பது 'வைத்தால்' ஆகிறது. 'பூரா' என்பதற்கு 'முழுவதும்' வருகிறது. பேச்சில் விட்டுப்போன எழுவாயைத் தேடிச் சேர்க்க வேண்டியிருக்கிறது. மூன்றாவதாக, கதைசொல்லி பேசுவது எழுத்துவழக்கிலும் அமுச்சி பேசுவது மேற்கோளுக்குள் அவருடைய பேச்சிலும் அமையும்படி எழுதுகிறார்கள். தமிழ்ச் சிறுகதைகள் பெரும்பாலும் இந்த முறையில்தான் எழுதப்படுகின்றன. அதைத் தாங்களே செய்து பார்த்த பிறகு ஒரு சிறுகதையைப் படிக்கும்போது, எழுத்தாளர் எங்கே எந்த வழக்குக்கு மாறுகிறார் என்பதைப் பிள்ளைகளே கவனித்துச் சொல்கிறார்கள். இந்தப் பயிற்சிக்கு ஒரு காசும் செலவில்லை. என்னிடம் யோசனை கேட்கும் பெற்றோரிடம், எதை வாங்குவது என்பதற்கு முன்னால் இதைத் தொடங்கச் சொல்கிறேன்.

வாங்க வேண்டியது என்று ஒன்றைக் கட்டாயமாகச் சொல்வேன் என்றால் அது அகராதி. க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி 1992இல் முதலில் வந்தது. 2008இலும் 2020இலும் விரிவாக்கிய பதிப்புகள் வந்தன. விலை சற்று அதிகம்தான், ஆனால் வீட்டில் இருந்தால் பிள்ளைகள் கல்லூரி போகும் வரை பயன்படும். சொல்லுக்குப் பொருள் தருவதோடு, அது இன்றைய வழக்கில் எப்படி வருகிறது என்பதை எடுத்துக்காட்டு வாக்கியத்தில் காட்டுவது இந்த வயதுக்கு மிகத் தேவை. பழைய நூல்களில் வரும் சொற்களுக்குச் சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதி இணையத்திலேயே இருக்கிறது. கைபேசியில் தேடினால் உடனே கிடைக்குமே என்று பிள்ளைகள் சொல்லத்தான் செய்வார்கள். தாளைப் புரட்டித் தேடும்போது பக்கத்திலிருக்கும் சொற்களும் கண்ணில் படும். அதற்காகவாவது அச்சு நூலை மேசைமேல் வையுங்கள்.

செய்யுளிலும் முழுமை என்ற அளவுகோலையே பிடித்துக்கொள்கிறேன். "யாதும் ஊரே யாவரும் கேளிர்" என்ற வரியைத் தெரியாத பிள்ளை தமிழ்நாட்டில் இருக்காது. புறநானூற்றின் அந்த 192ஆம் பாட்டு பதின்மூன்று அடிகள் கொண்டது என்பதும், அதன் நடுவில் மலையாற்று வெள்ளத்தில் போகும் தெப்பம் வருகிறது என்பதும், பெரியோரை வியத்தலும் இல்லை, சிறியோரை இகழ்தல் அதனினும் இல்லை என்று அது முடிகிறது என்பதும் தெரிந்தவர்கள் குறைவு. பதின்மூன்று அடிகளையும் மனப்பாடம் செய்யச் சொன்னேன். பொருளை முதலிலேயே சொல்லவில்லை. வாயில் ஏறிய பிறகு அடிக்கு அடி பேசினோம். முதல் அடிக்கும் கடைசி அடிக்கும் என்ன தொடர்பு என்பதே ஒரு வாரப் பேச்சுக்குப் போதுமானதாக இருந்தது. ஆண்டுக்குப் பத்து நூல்களிலிருந்து பத்துத் துண்டுகள் என்பதைவிட, முழுதாக நான்கு பாடல்கள் போதும் என்பது என் முடிவு.

கதையும் கவிதையும் மட்டுமே தமிழ் என்று பிள்ளை எண்ணிவிடக் கூடாது. தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தின் துளிர் இதழ் எங்கள் மகளுக்குப் பிடித்தமானது. ஒரு செயல்முறையை, காரணத்தை, விளைவைத் தமிழில் எழுதுவது எப்படி என்பதற்கு அதில் நல்ல மாதிரிகள் உண்டு. மகனுக்கு வாரம் ஒரு நாளிதழ்த் தலையங்கம் கொடுக்கிறேன். தலையங்கத்தின் முடிவை ஏற்கிறாயா என்று கேட்பதற்கு முன், எந்த வாக்கியம் செய்தி, எந்த வாக்கியம் கருத்து என்று பிரித்துக் கோடிடச் சொல்கிறேன்.

தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் பாடங்களைப் பலர் பரிந்துரைக்கிறார்கள். 2001இல் தொடங்கிய அந்த நிறுவனத்தின் மழலைக்கல்வியும் சான்றிதழ்ப் பாடங்களும் வெளிநாடுகளில் வாழும் தமிழ்ப் பிள்ளைகளை முதன்மையாக மனத்தில் வைத்து அமைந்தவை. வீட்டிலும் தெருவிலும் தமிழ் கேட்டு வளரும் பிள்ளைக்கு அவற்றின் வேகம் குறைவு. அதன் மின்னூலகம் வேறு. நாட்டுடைமையாக்கப்பட்ட எழுத்தாளர்களின் நூல்கள் அங்கே குவிந்திருக்கின்றன. எனக்குத் தேவைப்படும் பழைய பயணநூல், வாழ்க்கை வரலாறு எதையும் முதலில் அங்கேதான் தேடுகிறேன்.

தேர்வு எழுதும் காலம் வரும்போது இவையெல்லாம் என்ன ஆகும் என்ற கவலை நியாயமானது. பன்னிரண்டரை வயது நிறைந்த பிள்ளை அரசுத் தேர்வுகள் இயக்ககம் நடத்தும் எட்டாம் வகுப்புத் தேர்வைத் தனித்தேர்வராக எழுதலாம். அதற்கு மாநிலப் பாடநூல்தான் அடிப்படை. தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனத்தின் பத்தாம் வகுப்புக்கு இணையான தேர்வைப் பதினான்கு வயது நிறைந்தவுடன் எழுத முடியும். அதன் மொழிப் பாடங்களில் தமிழும் உண்டு, அதற்கென்று தனிப் பாடநூலும் உண்டு. நாங்கள் இரண்டாவது வழியைத் தேர்ந்திருக்கிறோம். அடுத்த ஆண்டு மகனுக்கு அந்தப் பாடநூலைத் தருவித்து, வாரத்தில் இரண்டு நாள் அதற்கு ஒதுக்கப்போகிறேன். மற்ற நாட்களில் அவன் படிப்பதற்கு, உ.வே.சா. தம் ஆசிரியர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையைப் பற்றி எழுதிய வாழ்க்கை வரலாற்றை அவனே கேட்டு வாங்கி வைத்திருக்கிறான்.